தீயைக் கொஞ்சம் தணிச்சுக்க கண்ணு!

துணியைப் போட்டு, மூடியைச் சாத்தி, பட்டனை அழுத்தியாயிற்று. தண்ணீர் இன்னும் ஒரு சொட்டுகூட விழவில்லை. அதற்குள் வாஷிங் மெஷினின் அடித்தட்டு இடப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி நிற்கிறது, வலப்பக்கம் ஒரு வெட்டு வெட்டி நிற்கிறது. அதற்குப் பிறகுதான் வால்வு திறந்து தண்ணீர் பாய்கிறது. அந்தச் சில நொடிகளில் உள்ளே என்ன நடக்கிறது? எடை பார்க்கிறது! தராசு கிடையாது, ஸ்பிரிங் கிடையாது, எடைக்கென்று தனி சென்சாரும் கிடையாது. மோட்டாரைச் சட்டென்று ஓட்டிக் கரண்டை வெட்டுகிறது. வெட்டிய பிறகும் தட்டு கொஞ்ச தூரம் தன் வேகத்திலேயே உருளும் அல்லவா, அந்த உருளலில் மோட்டாரே சற்று நேரம் ஜெனரேட்டராகி மின்துடிப்புகளைத் தருகிறது. உள்ளே இருக்கும் சிப் அவற்றை எண்ணுகிறது. துணி கனமாக இருந்தால் தட்டு சீக்கிரம் நின்றுவிடும், துடிப்பு குறைவு. நாலே சட்டை என்றால் இன்னும் கொஞ்சம் ஓடும், துடிப்பு அதிகம். அவ்வளவுதான் வித்தை!

இதை எனக்குக் காட்டியவர் கொடுமுடியில் வாஷிங் மெஷினும் மிக்ஸியும் பழுது பார்க்கும் ஒருவர். மகுடேசுவரர் கோயிலுக்கு வருகிறவர்கள் கண்ணில் படாத ஒரு சந்துக்குள் கடை. உள்ளே போகவே எனக்குக் கால் பரபரத்தது. மேசை நிறைய போர்டுகள், சுவரில் சீரிஸ் பல்பு, ஓரமாக மூடி கழற்றிய மெஷின்கள். "ஏனுங்ணா, தொடாதீங்க!" என்பதுதான் அவர் சொன்ன முதல் பாடம். இந்தப் போர்டுகள் பலவற்றில் 5 வோல்ட் சப்ளை, வீட்டு 230 வோல்ட் லைனோடு நேரடியாகப் பிணைந்திருக்கும். நடுவே டிரான்ஸ்ஃபார்மர் பிரித்து வைக்காது. 5 வோல்ட்தானே என்று விரலை வைத்தால் தூக்கி எறிந்துவிடும்.

போர்டு முழுக்கக் கண்ணாடி போன்ற பிசின் ஊற்றி உறைய வைத்திருக்கிறார்கள். ஈரமும் எறும்பும் பல்லியும் உள்ளே போகாமலிருக்க அந்தக் கவசம். அவர் ஒரு சின்னக் கத்தியால் பிசினைக் கீறிக் கீறி எடுக்க, அடியிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. மோட்டாரை வலமும் இடமும் சுற்றத் திசைக்கொன்றாக இரண்டு டிரையாக் சுவிட்ச். தண்ணீர் உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று. நடுவில், நகத்தளவு கறுப்புச் சதுரமாக மைக்ரோகன்ட்ரோலர்.

எனக்கு மிகவும் பிடித்தது தண்ணீர் மட்டம் பார்க்கும் சென்சார். தொட்டியின் அடியிலிருந்து ஒரு ரப்பர் குழாய் மேலே வருகிறது. தண்ணீர் ஏறினால் குழாய்க்குள் சிறைப்பட்ட காற்று அழுந்தும், அந்தக் காற்று ஒரு ரப்பர் சவ்வைத் தள்ளும், சவ்வு ஒரு ஃபெர்ரைட் துண்டைக் கம்பிச் சுருளுக்குள் நகர்த்தும், சுருளின் இண்டக்டன்ஸ் மாறும், அதோடு பிணைந்த ஆசிலேட்டரின் அதிர்வெண்ணும் மாறும். தொட்டி காலியாக இருக்கும்போது பல மாடல்களில் சுமார் 26 கிலோஹெர்ட்ஸ். தண்ணீர் ஏற ஏற எண் இறங்கும். கடைக்காரர் மீட்டரை மாட்டிவிட்டு அந்தக் குழாயில் வாயை வைத்து மெல்ல ஊதினார். எண் இறங்கியது! தொட்டியில் தண்ணீரே இல்லை, மெஷினோ பாதித் தொட்டி நிறைந்துவிட்டதாக நம்புகிறது. நானும் வாங்கி ஊதிப் பார்த்தேன். இதைவிடப் பெரிய விளையாட்டுச் சாமான் கொடுமுடித் தேர்க்கடையில்கூடக் கிடைக்காது.

விலை கூடிய சில மாடல்களில் தண்ணீர் வெளியேறும் பாதையின் ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்.இ.டி.யும் எதிர்ப்பக்கம் ஃபோட்டோ டிரான்சிஸ்டரும் வைத்திருப்பார்கள். தண்ணீர் கலங்கினால் ஒளி குறையும். எவ்வளவு குறைந்தது என்பது அழுக்கின் அளவு. எவ்வளவு வேகத்தில் குறைந்தது என்பது அழுக்கின் வகை! வயல் சேறு மளமளவென்று கரைந்து தண்ணீரைச் சீக்கிரம் கலக்கிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு மெதுவாகத்தான் விடும். ஒரே சென்சாரிலிருந்து இரண்டு செய்தி.

சரி, எடை தெரிந்தது, அழுக்கு தெரிந்தது, வகை தெரிந்தது. எத்தனை நிமிடம் துவைப்பது? இந்தக் கேள்விக்குத்தான் மெஷின் முகப்பில் ஒரு காலத்தில் பளபளவென்று ஒட்டியிருந்தார்களே, "ஃபஸி லாஜிக்" என்ற ஸ்டிக்கர், அது பதில் சொல்கிறது. 1990இல் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம் ஃபஸி வாஷிங் மெஷினைக் கடைக்குக் கொண்டுவந்தது. அந்த ஆண்டு ஜப்பானில் வாக்குவம் கிளீனர், ரைஸ் குக்கர், கேமரா என்று எதைத் தொட்டாலும் ஃபஸி. சில ஆண்டுகளில் அந்த ஸ்டிக்கர் ஈரோடு ஷோரூம்களுக்கும் வந்து சேர்ந்தது. வாங்கிய எத்தனை பேர் அதற்குள் எட்டிப் பார்த்திருப்பார்கள்? வாருங்கள், இப்போது பார்ப்போம்.

1965இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் லோட்ஃபி ஸாதே ஒரு கட்டுரை எழுதினார். பாக்கு நகரில் பிறந்து, தெஹ்ரானில் வளர்ந்து, அமெரிக்காவுக்குப் போனவர் அவர். ஒரு பொருள் ஒரு கூட்டத்தைச் சேர்ந்ததா இல்லையா என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டு பதில் மட்டும் எதற்கு, பாதி சேர்ந்தது, முக்கால்வாசி சேர்ந்தது என்றும் சொல்லலாமே என்றார். 0க்கும் 1க்கும் நடுவில் எந்த எண்ணும் பதிலாக இருக்கலாம். கணக்காகப் படிக்க அழகாகத்தான் இருந்தது. இதை வைத்து ஒரு இயந்திரத்தை ஓட்ட முடியுமா என்பதை யாரும் அப்போது காட்டவில்லை.

காட்டியவர் நம் பக்கத்து ஆள் என்றே சொல்வேன். எப்ராஹிம் மம்தானி தான்சானியாவில் பிறந்து, பூனா பொறியியல் கல்லூரியில் படித்து, லண்டனுக்குப் போனவர். 1970களின் நடுவில் குவீன் மேரி கல்லூரி ஆய்வுக்கூடத்தில் அவரும் அவருடைய மாணவர் அசிலியனும் ஒரு சின்ன நீராவி இன்ஜினோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். பாய்லர் சூட்டைக் கூட்டிக் குறைத்து நீராவி அழுத்தத்தைப் பிடிக்க வேண்டும், த்ராட்டிலைத் திருப்பி வேகத்தைப் பிடிக்க வேண்டும். வழக்கமான கன்ட்ரோலரை ஒருநாள் பொருத்தமாகத் திருகி வைத்தால் இன்னொரு நாள் இன்ஜின் வேறு குணம் காட்டும், மறுபடியும் திருக வேண்டும். மம்தானி வேறு வழியில் போனார். அழுத்தம் ரொம்பக் குறைவாக இருந்து, இன்னும் குறைந்துகொண்டும் இருந்தால், சூட்டை நன்றாக ஏற்று. அழுத்தம் சற்றே குறைவு, ஆனால் ஏறிக்கொண்டிருக்கிறது என்றால், கையைக் கட்டிக்கொண்டு இரு. இப்படி ஒரு மனிதர் பேசுகிற வாக்கியங்களையே விதிகளாக எழுதிக் கம்ப்யூட்டரில் போட்டார்கள். இன்ஜின் ஓடியது, அதுவும் நன்றாக!

அடுத்து இதைப் பிடித்துக்கொண்டது சிமெண்ட் சூளை. டென்மார்க்கின் எஃப்.எல். ஸ்மித் நிறுவனத்தார் 1970களின் இறுதியில் சுழலும் சிமெண்ட் சூளைக்கு இதைப் பொருத்தினார்கள். விதிகளுக்கு அவர்கள் எங்கே போனார்கள் என்பதுதான் என்னைத் துள்ள வைக்கிறது. சூளை ஓட்டும் தொழிலாளர்களுக்காக அச்சிட்ட கைப்புத்தகம் ஒன்றில் 27 நிலைமைகளும், ஒவ்வொன்றிலும் என்ன செய்ய வேண்டும் என்பதும் எழுதியிருந்தன. அவற்றையே கன்ட்ரோலருக்குத் தந்தார்கள். கணிதப் பேராசிரியர்கள் சூளைக்குச் சமன்பாடு எழுதத் திணறிக்கொண்டிருந்தபோது, சூளைக்காரர்களின் கைப்புத்தகம் ஏற்கெனவே தயாராக இருந்தது! கோவைக்குப் பக்கத்து மதுக்கரையில் 1930களிலிருந்து சிமெண்ட் சுடுகிறார்கள். நெருப்பின் நிறத்தைக் கண்ணாடி வழியே பார்த்தே சூளையின் உடல்நிலையைச் சொல்லக்கூடிய மனிதர்கள் அங்கும் இருந்திருப்பார்கள். 1987இல் ஜப்பானின் செண்டாய் சுரங்க ரயில் இதே முறையில் கன்ட்ரோல் ஆகி ஓடத் தொடங்கியது. நின்றுகொண்டு போகும் பயணி கைப்பிடியைப் பற்றாமலே நிற்கும் அளவுக்கு மென்மையான பிரேக் என்று உலகம் பேசியது.

இதையெல்லாம் படித்த எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏனென்றால் மம்தானியின் விதிகளைப் போன்றவற்றை நான் சின்ன வயதிலிருந்து காதால் கேட்டு வளர்ந்திருக்கிறேன், கரும்பாலையில்!

கொடுமுடி காவிரிக்கரை ஊர். பவானியில் புறப்படும் காளிங்கராயன் வாய்க்கால் வளைந்து வளைந்து வந்து இந்தப் பக்கம் ஆவுடையார்பாறையில் முடிகிறது. மஞ்சள், வாழை, நெல், கரும்பு. ஒரு பகுதிக் கரும்பு புகளூர் சர்க்கரை ஆலைக்குப் போகும். இன்னொரு பகுதி தோட்டத்துக் கரும்பாலைகளில் ஆட்டி வெல்லமாகவும் நாட்டுச்சர்க்கரையாகவும் மாறும். பழனி பஞ்சாமிர்தத்துக்குக் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை போவது நம் மாவட்டத்துக்கே பெருமை.

ஆலைச்சாளைக்குள் போய் நின்று பாருங்கள். தரையில் பெரிய அடுப்பு, அதன்மேல் அகலமான கொப்பரை. கொப்பரை ஓரமாகப் பதம் பார்க்கிறவர் நிற்கிறார். அடுப்பின் வாய்ப்பக்கம், கீழே, காய்ந்த சக்கையைத் தள்ளுகிற பையன் உட்கார்ந்திருக்கிறான். மேலே இருப்பவருக்குத் தீ தெரியாது. கீழே இருப்பவனுக்குப் பாகு தெரியாது. இருவருக்கும் நடுவே ஓடுவது குரல் மட்டும்.

"நல்லாப் போடு கண்ணு!"

"ஆச்சுங்ணா!"

"போதும் போதும். தீயைக் கொஞ்சம் தணிச்சுக்க கண்ணு, பொங்குது!"

சென்சார் மேலே, சொன்னதைச் செய்யும் ஆக்சுவேட்டர் கீழே, நடுவில் கன்ட்ரோல் விதிகள் கொங்குத் தமிழில்! இதைவிடச் சுத்தமான ஃபஸி கன்ட்ரோல் எந்த ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும்?

இதற்குள் இருக்கும் இயற்பியல்தான் விஷயத்தை ருசியாக்குகிறது. புதுச் சாற்றில் கரைந்த பொருள் சுமார் 18, 20 சதவீதம், மீதி தண்ணீர். சுண்ணாம்புத் தெளிவு விட்டு, வெண்டைச் செடியின் கொழகொழப்புச் சாறு சேர்த்து, மிதக்கும் அழுக்கை அரித்து எடுப்பார்கள். பிறகு நெடுநேரம் கொப்பரை 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். எவ்வளவு சக்கை போட்டாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் ஆவியாகும். சாறு சுண்டச் சுண்டக் கொதிநிலை ஏறத் தொடங்கும். முதலில் ஆமைவேகம். 106, 108 தாண்டியதும் ஓட்டம் பிடிக்கும், ஏனென்றால் இப்போது தண்ணீர் மிகக் கொஞ்சம்தான் மிச்சம், கொஞ்சம் போனாலே செறிவு எகிறும். வெல்லப் பதம் சுமார் 118 டிகிரி. நாட்டுச்சர்க்கரைக்கு இன்னும் ஓரிரு டிகிரி கூடுதல். தாண்டினால் கருகும், நிறம் போகும், சந்தையில் விலையும் போகும். ஆக, ஒரே கொப்பரை தொடக்கத்தில் ஒரு குணம், கடைசியில் வேறு குணம். 118 வந்ததும் அணைத்துவிடலாமே என்றால் அதுவும் நடக்காது. செங்கல் அடுப்பு சேர்த்து வைத்திருக்கிற சூடு, சக்கையை நிறுத்திய பிறகும் பாகை ஏற்றிக்கொண்டே இருக்கும்.

அதனால்தான் பதம் பார்க்கிறவர் இரண்டைச் சேர்த்தே பார்க்கிறார். பதத்துக்கு இன்னும் எவ்வளவு பாக்கி, எவ்வளவு வேகமாக ஏறுகிறது. ஒரு கரண்டிப் பாகைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார். உருண்டு நின்றால் பதம். நுரை பொங்கினால் இரண்டு சொட்டு எண்ணெய். குமிழ் பெரிதாக இருந்து சிறிதாவதைக் காதால் கேட்டே சொல்கிறவர்களும் உண்டு. இந்தத் திறமையின் மேல் எனக்கு அளவில்லாத மரியாதை. பொறியியல் கல்லூரியில் இதற்கு ஒரு வகுப்பு வைக்க வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

இனி மேடைக்குப் பின்னால் போவோம், இந்தத் திறமையில் கொஞ்சத்தை ஒரு சிப்புக்குச் சொல்லித்தர. என் வீட்டுத் தாழ்வாரத்தில் ஒரு சிறிய அடுப்பு, அதற்கு 12 வோல்ட் ஊதி ஒன்று, ஒரு சட்டிக் கரும்புச்சாறு. சாற்றுக்குள் கே வகைத் தெர்மோகப்பிள், அதைப் படிக்க மேக்ஸ் 6675 என்ற எட்டுக் கால் சிப். கால் டிகிரி நுணுக்கம் தரும். மூளைக்கு ஏ.டி.மெகா 328, ஆர்டுயினோ போர்டில் உட்கார்ந்திருக்கும் அதே சிப்தான். ஊதியின் வேகத்தை 0 முதல் 255 வரை ஒரு எண்ணால் சொல்லலாம், சிப் அதைப் பல்ஸ் அகலமாக மாற்றி ஒரு மாஸ்ஃபெட் வழியாக ஊதிக்குத் தரும். கீழே சக்கை தள்ளுகிற பையனின் இடத்தில் இந்த ஊதி.

கரும்பாலையில் பதம் பார்க்கும் ஆலைக்காரர் சொன்ன விதிகளை அவர் வாய்ச்சொல்லிலேயே எழுதிக்கொண்டேன். பாக்கி எவ்வளவு என்பதற்கு மூன்று பெயர்: கிட்ட வந்தாச்சு, கொஞ்சம் பாக்கி, நெறைய பாக்கி. ஏறும் வேகத்துக்கு இரண்டு: மெதுவா, வேகமா. ஊதிக்கு நான்கு: சும்மா ஊது என்றால் 40, லேசா ஊது என்றால் 90, நல்லா ஊது என்றால் 150, முழுசா ஊது என்றால் 230.

இப்போது பாகு 115 டிகிரியில் இருக்கிறது என்று வையுங்கள். 118க்கு 3 டிகிரி பாக்கி. நான் வரைந்த முக்கோணங்களின்படி பாக்கி 0 என்றால் முழுக்கக் 'கிட்ட', 6 என்றால் முழுக்கக் 'கொஞ்சம் பாக்கி', 12 என்றால் முழுக்க 'நெறைய'. ஆகவே 3 டிகிரி என்பது கிட்ட வந்தாச்சு என்ற பெயருக்குப் பாதி சொந்தம், கொஞ்சம் பாக்கி என்ற பெயருக்கு மீதிப் பாதி சொந்தம். ஏறும் வேகம் நிமிடத்துக்கு ஒன்றரை டிகிரி. 2 டிகிரியை முழு வேகம் என்று வைத்தால், இது முக்கால் பங்கு வேகமா, கால் பங்கு மெதுவா. எட்டு பிட் சிப்புக்குத் தசமம் பிடிக்காது, அதனால் பாதியை 128 என்றும் முக்காலை 192 என்றும் காலை 64 என்றும் எழுதுவோம்.

நான்கு விதிகள் ஒரே நேரத்தில் வாய் திறக்கின்றன. நான்கும்! இதுதான் எனக்குப் புல்லரிப்பு. கிட்ட வந்தாச்சு, வேகமாவும் ஏறுது: சும்மா ஊது. கிட்ட வந்தாச்சு, ஆனா மெதுவா ஏறுது: லேசா ஊது. கொஞ்சம் பாக்கி, வேகமா ஏறுது: அதுக்கும் லேசா ஊது. கொஞ்சம் பாக்கி, மெதுவா ஏறுது: நல்லா ஊது. ஒவ்வொரு விதியிலும் இரண்டு நிபந்தனை, இரண்டில் சிறிய எண் எதுவோ அதுதான் அந்த விதியின் குரல் வலிமை. ஆக வலிமைகள் 128, 64, 128, 64. இனி ஒவ்வொரு வலிமையையும் அந்தந்த ஊதி எண்ணால் பெருக்கிக் கூட்டுங்கள்: 5120, 5760, 11520, 9600. மொத்தம் 32000. வலிமைகளின் கூட்டுத்தொகை 384. வகுத்தால் 83. ஊதிக்குப் போகிற எண் அதுதான், முழு வேகத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அரை டிகிரி ஏறி 115.5 ஆனால்? அதே வேகம் என்றால் விடை 81. தடாலென்று குதிக்கவில்லை, இரண்டே படி இறங்கியது. ஆலையில் அந்தப் பெரியவர் கையை மெல்லத் தாழ்த்திக் காட்டுவாரே, அந்தக் கை இந்த வகுத்தலுக்குள் இருக்கிறது!

32000 என்பது 16 பிட்டுக்குள் அடங்குகிறது என்பதைக் கவனித்தீர்களா? 65535 வரை இடம் உண்டு. விதியையும் எண்களையும் இப்படிச் சிக்கனமாகத் தேர்ந்தால் கல்லூரிப் பிள்ளைகளின் பழைய சிநேகிதன் 8051கூட இதை ஓட்டிவிடும். அதற்கு உள்ளே 128 பைட் ராம்தான், 12 மெகாஹெர்ட்ஸில் ஒரு பெருக்கலுக்கு 4 மைக்ரோவினாடி. ஆனால் பாகு மாறுவது நிமிடக் கணக்கில், சிப்புக்குத் தூங்கி எழ நேரம் இருக்கிறது. இன்னும் சுருக்க வேண்டுமென்றால் விடைகளை முன்கூட்டியே கணக்கிட்டு 16க்கு 16 அட்டவணையாக 256 பைட்டில் ரோமில் எழுதிவிடலாம். ஓடும்போது கணக்கே வேண்டாம், பார்த்து எடுத்தால் போதும்.

இன்னொரு ரகசியம் சொல்கிறேன், எனக்கு இதைப் படித்த அன்று தூக்கம் வரவில்லை. மோட்டரோலாவின் 68எச்.சி.12 என்ற 1990களின் சிப்பில் ஃபஸிக்கென்றே தனிக் கட்டளைகள் சிலிக்கானில் செதுக்கப்பட்டிருந்தன. எம்.இ.எம். என்றால் முக்கோணத்திலோ சரிவகத்திலோ ஒரு எண் எவ்வளவு சொந்தம் என்று சொல்லும். ஆர்.இ.வி. விதிகளை வரிசையாக மதிப்பிடும். டபிள்யூ.ஏ.வி. நாம் இப்போது போட்ட அந்தப் பெருக்கல் கூட்டல்களைச் செய்து, வகுத்தலுக்குத் தயாராக வைக்கும். கூட்டல் கழித்தலைப் போல, 'ஓரளவு' என்பதற்கும் ஒரு சிப்புக்குள் பிறப்புரிமை தந்திருந்தார்கள்!

அடுப்படியில் கற்றதில் மிகப் பெரியது ஏறும் வேகத்தைக் கணக்கிடுவது பற்றியது. தெர்மோகப்பிள் சிப் கால் டிகிரிப் படிகளில்தான் பேசும். ஒரு நொடிக்கு முந்தைய எண்ணோடு ஒப்பிட்டால் ஒன்று பூஜ்யம் வரும், இல்லாவிட்டால் நிமிடத்துக்கு 15 டிகிரி என்று அலறும். அதனால் ஒரு முழு நிமிடத்து அளவுகளை வட்டமாகச் சேமித்து, புதியதிலிருந்து நிமிடத்துக்கு முந்தையதைக் கழிக்க வேண்டும். அப்போதுதான் வேகம் நிதானமாக வரும். பாகு குமிழியிட்டுக் கொதிக்கும்போது தெர்மோகப்பிள் முனை மேலே நுரையில் நிற்கக் கூடாது, நன்றாக அடியில் முங்கியிருக்க வேண்டும், சட்டியின் உலோகத்தைத் தொடவும் கூடாது. ஃபஸி விதிகளை எழுத ஒரு மாலை போதும். இந்த முனையைச் சரியான ஆழத்தில் பிடித்து நிறுத்தும் கம்பிக் கொக்கிக்குத்தான் மெனக்கெட வேண்டும். எம்பெடட் வேலையின் பாதி மகிமை அந்தக் கொக்கியில்தான் என்பது என் கட்சி.

இவ்வளவு மயங்கிப் பேசினாலும், எல்லா இடத்திலும் ஃபஸியைத் திணிக்கக் கூடாது என்பதிலும் உறுதியாக இருக்கிறேன். அதற்குச் சாட்சி கரும்பாலை இருக்கும் அதே தோட்டத்தின் மோட்டார் ரூம்.

1930களில் பைக்காரா மின்சாரம் கோவைச் சமவெளிக்கு வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். அந்த வழியில் வந்த கோவை மோட்டார்களும் ஸ்டார்ட்டர்களும் இன்று கொங்கு நாட்டுக் கிணறுகளிலெல்லாம் இருக்கின்றன. இப்போது பெட்டிக்குள் ஒரு சிம் கார்டும் சேர்ந்துகொண்டது. தோட்டக்காரர் வீட்டிலிருந்தே அந்த எண்ணுக்குப் போன் போடுகிறார், பெட்டி தமிழில் பேசுகிறது, பட்டனை அழுத்தினால் மோட்டார் ஓடுகிறது. 1 என்ற பட்டனை அழுத்தும்போது 697 ஹெர்ட்ஸ் ஒன்றும் 1209 ஹெர்ட்ஸ் ஒன்றுமாக இரண்டு சுருதி சேர்ந்து ஒலிக்கும். பேச்சுக்குரலில் தற்செயலாக வந்துவிடாத ஜோடிகளாகப் பார்த்துத் தேர்ந்த எண்கள் அவை. பெட்டிக்குள் அந்த ஜோடியைப் பிரித்தறியும் பகுதி, பின்னால் ரிலே, அதற்குப் பின்னால் கன்டாக்டரின் 'டக்!' நடுராத்திரி மூன்று மணிக்கு வரப்பில் டார்ச் அடித்துக்கொண்டு போன தலைமுறைக்கு இந்த 'டக்' எவ்வளவு பெரிய விடுதலை! வேளாண் பொறியியல் துறை இந்தக் கருவிக்கு மானியமும் தருகிறது.

அந்தப் பெட்டிக்குள் ஃபஸி இல்லை, இருக்கவும் வேண்டாம். மூன்று ஃபேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டாரை உடனே நிறுத்த வேண்டும், 'ஓரளவு' நிறுத்த முடியாது. கிணற்றில் தண்ணீர் வற்றினால் மோட்டார் இழுக்கும் கரண்ட் இறங்கும். இறங்கியதும் வெட்ட வேண்டும், ஏனென்றால் நீர்மூழ்கி மோட்டாரின் பேரிங்குக்குத் தண்ணீர்தான் உயவும் குளிர்ச்சியும். விட்டால் காயில் போய்விடும். இங்கே தேவை ஒரு வாசல் எண், ஒரு டைமர். வோல்டேஜ் இறங்கினாலும் அப்படித்தான். வெட்டும் வோல்டேஜும் மறுபடி சேர்க்கும் வோல்டேஜும் ஒன்றாக இருந்தால் கன்டாக்டர் படபடவென்று அடித்துக்கொண்டே கிடக்கும், அதனால் இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. கரண்ட் வந்ததும் ஊரிலுள்ள அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் எழுந்து டிரான்ஸ்ஃபார்மரை நசுக்காமலிருக்க, பெட்டிக்குப் பெட்டி வெவ்வேறு நொடித் தாமதம். எளிமையான வேலை, கச்சிதமான வேலை. மோட்டாருக்கு விளிம்பு தெளிவாகத் தெரிகிறது, பாகுக்குத் தெரிவதில்லை. ஃபஸியை எங்கே வைப்பது என்று முடிவுசெய்ய நான் பார்ப்பது இதை மட்டும்தான்.

திரும்பக் கொப்பரைக்கு வருகிறேன், மனம் அங்கேயே சுற்றுகிறது. ஆலைக்காரரிடம் என் எண்களையும் முக்கோணங்களையும் காட்டினேன். காகிதத்தை நெடுநேரம் பார்த்தார்.

"சூட்ட மட்டும் பாத்தா எப்படிங்க? கரும்பு நடவுக்கரும்பா, கட்டக்கரும்பான்னு பாக்கோணும். மூட்டமா இருந்தா சக்கை நனைஞ்சிருக்கும், தீ ஏற நேரமாகும், முன்னாடியே போட்டுறோணும். துடுப்புப் போட்டுக் கிளறும்போது கைக்கு எப்படி இழுக்குதுன்னு ஒண்ணு இருக்குதுங்க, அதுதான் எல்லாம்."

கைக்கு எப்படி இழுக்கிறது! அவர் சொல்லி முடிப்பதற்குள் எனக்குப் படம் ஓடிவிட்டது. துடுப்புக்குப் பதில் ஒரு சிறிய கியர் மோட்டார் பாகைக் கிளறட்டும். பாகு கெட்டிப்பட்டால் மோட்டாருக்கு இழுவை கூடும், இழுவை கூடினால் கரண்ட் கூடும். மோட்டார் கம்பியோடு 0.1 ஓம் தடை ஒன்றைத் தொடராக இணைத்தால் ஒரு ஆம்பியருக்கு 100 மில்லிவோல்ட், அதைச் சற்றுப் பெருக்கிச் சிப்பின் ஏ.டி.சி. காலுக்குக் கொடுத்துவிடலாம். 'கைக்கு லேசா', 'கைக்குக் கனமா' என்று இரண்டு பெயர், மூன்றாவது உள்ளீடு தயார். இரண்டு உள்ளீட்டுக்கு 6 விதி எழுதினேன், இனி 12 ஆகும். ஈரச் சக்கைக்கு ஒரு ஈரப்பத சென்சார் வைத்தால் 24. அதற்கு மேல் போனால் விதிகள் ஒன்றோடொன்று முட்டும், அப்போது அவரைத் தவிர யாராலும் தீர்ப்புச் சொல்ல முடியாது. கியர் மோட்டார் வாங்கியாயிற்று. துடுப்பை மட்டும் அவரே செதுக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார், வேப்பமரத்தில்தான் செய்ய வேண்டுமாம், கருவேலம் வேண்டாமாம்.